இரண்டே ஸ்க்ரூதான், ஆனால் நேராக இழுக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் 1989 ஃபோர்ட் மஸ்டாங் 5.0 இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்பார்க்கை இயக்கும் மின்னணுப் பெட்டியான இக்னிஷன் மாட்யூல் போய்விட்டது என்கிறார்கள். அதை வீட்டிலேயே கழற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் கோளாறு அதில்தானா என்று முதலில் பாருங்கள். வண்டி நின்றதும், சூடு ஆறுவதற்குள், ஒரு பிளக் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி ஸ்டார்ட்டரை அடித்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் மாட்யூலைத் தொடவேண்டாம், பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் வரவில்லை என்றால் மாட்யூலைச் சந்தேகிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) இருந்து சுழற்சியை உணரும் ஹால் சென்சாரும் சூட்டில் இப்படியே செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழற்றிய மாட்யூலைச் சோதித்துத் தரும் கடை பக்கத்தில் இருந்தால், அது சூடேறும் வரை பலமுறை சோதிக்கச் சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது கெட்ட மாட்யூலும் பெரும்பாலும் சோதனையில் தேறிவிடும்.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். எஞ்சினின் முன்பக்கம் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மாட்யூல். கிளிப்பை அழுத்தி ஒயர் கனெக்டரைப் பிடுங்குங்கள். மாட்யூலைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் குழிக்குள் இருப்பதால் சாதாரண சாக்கெட் ஸ்பேனர் நுழையாது. சுவர் மெலிந்த 5.5 மி.மீ. சாக்கெட் வேண்டும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஸ்க்ரூ கழன்றதும் கை தானாக மாட்யூலை வெளியே இழுக்கப் பார்க்கும். இழுத்தால் போச்சு. மாட்யூலின் மேல்முனையில் உள்ள மூன்று மெல்லிய பின்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் செருகியிருக்கும், அவை ஒடிந்துவிடும். முதலில் மாட்யூலைக் கீழ்நோக்கி, எஞ்சின் பக்கமாக, நகர்த்துங்கள். பின்கள் விடுபட்டபின் வெளியே எடுங்கள்.

புதியதை மாட்டும்போது கிரீஸில் கஞ்சத்தனம் கூடாது. இந்த மாட்யூல் தன் சூட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு வழியாகத்தான் வெளியேற்றுகிறது. பின்னாளில் ஃபோர்டே இதை அங்கிருந்து பிரித்து, தனி அலுமினியத் தகட்டில் பொருத்தத் தொடங்கியது. அதனால் பழைய கிரீஸை டிஸ்ட்ரிபியூட்டர் முகத்திலிருந்து சுத்தமாகத் துடைத்துவிட்டு, புதியதன் உலோக முதுகு முழுக்க சிலிக்கான் கிரீஸை ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான கனத்தில் சீராகத் தடவுங்கள். பெரும்பாலும் மாட்யூலோடு சிறு பாக்கெட்டில் அதுவும் வரும். கறுப்பு நிற மாட்யூலும் சந்தையில் உண்டு. உங்களுடையது சாம்பல் என்றால் சாம்பலே வாங்குங்கள். ஸ்க்ரூவைப் பலம் போட்டு முறுக்கவேண்டாம்.

ஸ்க்ரூவுக்குக் கை எட்டவே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் நிலையை எஞ்சினோடு சேர்த்து பெயிண்டால் குறித்துக்கொண்டு, அதன் கிளாம்பைத் தளர்த்திச் சற்றே திருப்பலாம். அப்படித் திருப்பினால் கடைசியில் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) டைமிங் லைட் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் அருகே ஒயரில் இருக்கும் ‘ஸ்பவுட்’ என்ற குட்டிப் பிளக்கை எடுத்துவிட்டு டைமிங்கை 10 டிகிரிக்கு வையுங்கள். அப்புறம் அந்தப் பிளக்கை மறக்காமல் திரும்பச் செருகிவிடுங்கள்.