கம்பெனி கை மாறிவிட்டது, மகன் அங்கேயே இருக்கலாமா?

வணக்கம் அம்மா,

இரண்டு வருட அனுபவமுள்ள உங்கள் மகன் வேலை பார்க்கும் கம்பெனியை வாங்கிய புதிய முதலாளி கறாரானவர், அவர் கம்பெனியைத் தூக்கி நிறுத்திவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அது தெரிந்தால் மகன் இருப்பதா கிளம்புவதா என்பதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

ட்விட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் கடைசியில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். சில நாட்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது: நேரம் பார்க்காமல் உழைக்கத் தயார் என்றால் மறுநாள் மாலைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளத்தோடு கிளம்பலாம். சுமார் 8,000 பேர் 1,500 ஆனார்கள் என்று 2023 ஏப்ரலில் அவரே சொன்னார். தளம் படுத்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர்; படுக்கவில்லை. அதுவரை அவர் கணக்கு சரி.

ஆனால் ட்விட்டரை வாங்கக் கொடுத்த பணத்தில் சுமார் 1,300 கோடி டாலர் கடன், அதுவும் கம்பெனியின் தலையில் ஏறியது. வட்டியே வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல். வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம், விளம்பரம் தந்தவர்களிலோ பலர் ஒதுங்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் தன்னுடைய செயற்கை நுண்ணறிவு நிறுவனமான எக்ஸ்ஏஐயோடு அதைச் சேர்த்தபோது, கடன் போக 3,300 கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார். விற்ற பக்கமும் வாங்கிய பக்கமும் அவரே என்பதையும் கவனியுங்கள்.

1997இல் ஆப்பிளுக்குத் திரும்பிய ஸ்டீவ் ஜாப்ஸும் கறார்தான், ஆனால் முதலாளியாக வரவில்லை. விற்றுக்கொண்டிருந்த பொருட்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டு நான்கே வகைக் கணினிகள் போதும் என்றார். அந்த நிதியாண்டில் சுமார் 100 கோடி டாலர் நஷ்டம். அடுத்த ஆண்டு 30.9 கோடி லாபம்.

அதனால் முதலாளியின் கோபத்தை விடுங்கள். கம்பெனியை வாங்க எடுத்த கடன் யார் தலையில் இருக்கிறது, எந்தெந்தப் பொருளை நிறுத்துகிறார், பழைய வாடிக்கையாளர்கள் நிற்கிறார்களா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவருக்கு இது தெரியாமல் போகாது.

அப்புறம் மகன் விஷயம். கம்பெனி பிழைத்தும் அவர் தேங்கிப்போகலாம். கம்பெனி மூழ்கியும் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம். சீனியர்கள் கிளம்பிய இடத்தில் இரண்டு வருட அனுபவக்காரருக்குப் பெரிய வேலை கிடைப்பது உண்டு. ஆறு மாதம் பார்க்கலாம் என்பது என் கருத்து. ரெஸ்யூமேயை இன்றே புதுப்பிக்கட்டும். வேறு ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். 'சம்மதமா' என்று மெயில் வந்தால், நோட்டீஸ் பீரியட், இழப்பீடு பற்றிய வரிகளைப் படிக்காமல் பதில் அனுப்பவும் வேண்டாம்.

மகன் இரவு பதினொன்றுக்கும் லேப்டாப்பை மூடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். புதிதாக எதையாவது உருவாக்குகிறார் என்றால் இருக்கட்டும். போனவர்கள் விட்டுச்சென்ற கோளாறுகளைச் சரிசெய்வதிலேயே வாரங்கள் ஓடுகின்றன என்றால் ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.