ஐ.பி. கொடுத்தவருக்குப் பின்னாளில் என்ன நேரும்?

விசைத்தறித் தொழில் நொடித்து ஐ.பி., அதாவது கடனை அடைக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு (Insolvency Petition), கொடுக்க நினைப்பவருக்கு அதன் பாதிப்பு எத்தனை காலம் தொடரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையையொட்டிய நகரியைச் சேர்ந்தவன். என் சித்தப்பா மனுப் போட்டபோதும் அதற்குப் பின்னரும் உடனிருந்தவன்.

2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் அளவில்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே பொருந்தும். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தவுடன், சட்டம் விலக்களித்த சில பொருள்கள் தவிர மற்ற சொத்தெல்லாம் நீதிமன்றத்திடமோ, சொத்தைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவரிடமோ சென்றுவிடும். கடன்களிலிருந்து நீதிமன்றம் விடுவிக்கும் விடுவிப்பு ஆணை கிடைக்கும்வரை பாகப்பிரிவினையில் வருவதும் அங்கேதான் போகும். திருத்தணிப் பக்கம் உள்ள மனை ஆந்திர நீதிமன்றத்துக்கு எட்டாது என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். அது தவறு, நொடிப்பு நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டும் என்று அந்தச் சட்டமே கூறுகிறது. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் மனைவி பெயருக்குத் தானமாக எழுதிவைத்ததும் ரத்தாகக்கூடும்.

மனுப் போட்டதோடு கடன் தீர்ந்தது என்று இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கோரித் தனியே விண்ணப்பிக்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மீண்டும் வசூலுக்கு வரலாம். விடுவிப்புப் பெறாதவர் சட்டமன்ற உறுப்பினராகவோ கம்பெனி இயக்குநராகவோ இருக்க முடியாது. தம் நிலையை மறைத்து 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். விடுவிப்புக் கிடைத்தாலும் அரசு பாக்கியும் மோசடியால் வந்த கடனும் ஜீவனாம்சமும் தீராது. வங்கிக் கடன் வரலாற்றில் படிந்த கறையும் பல ஆண்டுகள் நிற்கும்.

இவை அனைத்தையும்விட என்னை வருத்துவது ஜாமீன்தாரரின் நிலை. கடனாளிக்குக் கிடைக்கும் விடுவிப்பு, அவருக்காகக் கையெழுத்திட்டவரை விடுவிப்பதில்லை. சித்தப்பா விடுவிப்புப் பெற்ற பின்னும் அவருடைய மைத்துனரின் சம்பளத்தில் பிடித்தம் தொடர்ந்தது. அதனால் இரு குடும்பங்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையே நின்றுபோனது. எனவே மனுப் போடுவதற்கு முன்பே உங்களுக்கு ஜாமீன் நின்றவர்களை வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்று, அவர்கள் தலையில் விழப்போகும் தொகையைத் தெரியப்படுத்துங்கள். வங்கியிடம் தவணை பேசிக்கொள்ள அவர்களுக்கு அவகாசமாவது கிடைக்கும்.