கதவைத் தட்டிப் பாருங்கள்: ஸ்போர்ட்ஸ் கார் ஆடியோ, வாசகர் கேள்வி – பதில்

வேகக் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த ஆடியோ கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): வணக்கமுங்க. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வெச்சிருக்கேனுங்க. பாட்டுக்குன்னு அறுபதாயிரம் ஒதுக்கியிருக்கேன். கடையில கேட்டா, ஸ்டீரியோவ மாத்தி 1000 வாட் ஆம்ப் போடுங்கங்கறாங்க. எதுல ஆரம்பிக்கலாமுங்க?

பதில்: கதவில் ஆரம்பியுங்கள். விரலை மடக்கி, முன் கதவின் வெளித்தகட்டில் நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள். தகர டப்பா போல ‘டங்’ என்று கேட்டால், எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் அந்தத் தகடும் கூடச் சேர்ந்து பாடும். கார் கதவு என்பது ஸ்பீக்கரின் பெட்டி. பெட்டி அதிர்ந்தால் பாஸ் குழம்பும்.

டோர் பேடைக் கழற்றியதும் போலோவில் முன் ஸ்பீக்கர் ரிவெட் அடித்து நிற்பதைப் பார்ப்பீர்கள். ரிவெட்டின் தலையை மட்டும் ட்ரில் செய்து எடுக்க வேண்டும், தகட்டின் துளையைப் பெரிதாக்கக் கூடாது. அப்போது உதிரும் இரும்புத் தூளை வேக்யூமில் உறிஞ்சிவிடுங்கள். விட்டுவிட்டால் புது ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், வாய்ஸ் காயில் இடுக்கில் புகுந்து ‘கரகர’ சத்தம் வரும். ட்ரில் செய்த விளிம்பில் ஒரு கை பிரைமர் தொட்டுவிட்டால் துரு ஏறாது.

அடுத்து 2 மி.மீ. பியூட்டைல் ஷீட், அதாவது மேலே அலுமினியத் தாள் ஒட்டிய, அதிர்வை அடக்கும் ரப்பர் பசை ஷீட். வெளித்தகட்டை ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஷீட்டை ஒட்டி, ரோலரால் அலுமினியத்தின் மேல் உள்ள கோடுகள் மறையும் வரை அழுத்த வேண்டும். தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. கால் பாகத்திலிருந்து பாதி வரை மூடினாலே ‘டங்’ என்பது ‘டப்’ ஆகிவிடும். சதுர மீட்டருக்கு 3 கிலோ எடை வரும் பொருள் இது. எடை பார்த்து வாங்கிய காரில் தேவைக்கு மேல் ஏன் சுமக்க வேண்டும்? விலை குறைவு என்று தார் ஷீட்டைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காரில் தார் இளகி, வழிந்து, கண்ணாடி ஓடும் பாதையில் ஒட்டிக்கொள்ளும். திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட்டைக் கதவுக்குள் திணித்துக் கொடுக்கிறார்களாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கதவை உள்ளிருந்தே அரித்துவிடும்.

கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதனால் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஷீட் அடைக்கக் கூடாது. சில ஜெர்மன் கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். உங்கள் கதவில் அப்படி ஒன்று இருந்தால் அதை மூடாதீர்கள், உள்தகட்டில் புதிதாகத் துளை வெட்டாதீர்கள், கழற்றிய ரப்பர் மூடிகளையெல்லாம் இருந்த இடத்திலேயே திரும்பப் போடுங்கள்.

ஸ்பீக்கர் உட்காரும் ரிங் எம்.டி.எஃப். பலகையில் வேண்டாம். ஐப்பசி மழை ஒன்று போதும், ஊறி உப்பிவிடும். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ரிங் போதும். கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் அலுமினியத்திலேயே கடைந்து தருவார்கள். ஆழம் பார்க்க, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ரிங்கின் முகத்திலிருந்து கண்ணாடி வரை அளந்து, அதில் 5 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கும் 6.5 அங்குல ஸ்பீக்கரைத்தான் வாங்க வேண்டும்.

டோர் பேடை மூடும் முன் ஒரு சோதனை. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை வூஃபரின் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கரின்) பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் சரி. இரண்டு கதவிலும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் நடுவில் பாஸ் காணாமல் போகும். ட்வீட்டரில் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரில்) மட்டும் இந்தச் சோதனை கூடாது, அதன் மெல்லிய காயிலுக்கு அது ஆகாது.

பணத்தைப் பிரிப்பது பற்றி: அறுபதில் பத்து கதவுக்கு, இருபது ஸ்பீக்கருக்கு, இருபத்தைந்து டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகச் சீர்செய்யும் சிப்) சேர்ந்த 4 சேனல் ஆம்புக்கு, மிச்சம் ஐந்து வயருக்கும் ஃபியூஸுக்கும். கம்பெனி ஸ்டீரியோவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த 1000 வாட் ஆம்பைப் பொறுத்தவரை, காங்கேயம் காளைக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, ஆம்பின் ஃபியூஸைப் பாருங்கள். மொத்தம் 25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 25 × 13.8 வோல்ட் × 0.8 (ஆம்பின் திறன், மிச்சம் சூடாகப் போகும்) = 276 வாட். கிளாஸ் டி ஆம்பாக இருந்தாலும் அதற்கு மேல் தொடர்ந்து வராது. அட்டையில் ‘சி.டி.ஏ.-2006’ என்ற ஆம்ப் அளவீட்டுத் தரநிலையின் பெயர் அச்சிட்டிருந்தால் வாட் கணக்கை ஓரளவு நம்பலாம். 14.4 வோல்ட்டில், 1 சதவீதச் சிதைவுக்குள் அளந்த எண் அது.

கேள்வி (பொள்ளாச்சி): போர்ஷே பாக்ஸ்டர் கார். கூரையைத் திறந்து ஓட்டினால் பாஸே கேட்பதில்லை, மூடினால் நன்றாக இருக்கிறது. முன் டிக்கி காலியாகத்தானே கிடக்கிறது, அதில் ஒரு சப்-வூஃபர் வைக்கலாமா?

பதில்: அங்கே வைத்தால் உங்களுக்குக் கேட்காது. முன் டிக்கி கேபினிலிருந்து தகடு போட்டு அடைபட்ட இடம். ஆனால் பேட்டரி அங்கேதான் இருக்கிறது என்பதால் ஆம்பை அங்கே வைப்பது நல்லது, பவர் வயர் மிகக் குறைவாகப் போதும். சப்பை கேபினுக்குள்தான் கொண்டுவர வேண்டும். பயணி கால் வைக்கும் இடத்தின் முன்சரிவில், உறுதியான கிரில் மூடியுடன், 8 அங்குல ஷாலோ சப்புக்கு மூடிய பெட்டி கட்டுவதே இந்தக் காரில் நடக்கிற காரியம். பெட்டி தரையோடு போல்ட் ஆக வேண்டும்.

கூரை திறந்தால் பாஸ் போவதற்குக் காரணம் இரண்டு. மூடிய சின்ன கேபினில் சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தானாகவே பெருகும். கூரை போனால் அந்த இலவச லாபமும் போகிறது. இன்னொன்று காற்று. வேகத்தில் வரும் காற்றிரைச்சலில் கனமான பகுதி தாழ்ந்த ஸ்தாயியில்தான் இருக்கிறது, அதுவே பாஸை மூடிவிடுகிறது. ஆகவே டி.எஸ்.பி.யில் இரண்டு பிரீசெட் வைத்துக்கொள்ளுங்கள். கூரை மூடியதற்கு ஒன்று, திறந்ததற்கு 60 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை 4 முதல் 6 டெசிபல் ஏற்றிய இன்னொன்று.

6 டெசிபல் என்றால் நாலு மடங்கு வாட் என்பது நினைவிருக்கட்டும். அதனால்தான் திறந்த காருக்கு வாட்டைவிட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே வாட்டில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, முக்கியம் என்கிறோம். 86 டெசிபல் ஸ்பீக்கர் 200 வாட்டில் தருவதை 92 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தந்துவிடும். விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் விளிம்பு வெயிலில் நாளடைவில் பொடிந்து உதிர்ந்துவிடும்.

கம்பெனி ஆம்பைப் பிடுங்கும் முன் வயரைப் பாருங்கள். உங்கள் மாடலில் ஆடியோ செம்புக் கம்பியில் போகாமல் ஒளியிழையில் போகலாம். ‘மோஸ்ட்’ என்று பெயர். அது ஒரு வளையம். ஒரு கருவியைக் கழற்றினால் வளையம் அறுந்து ஸ்டீரியோ, ஃபோன், எல்லாமே ஊமையாகிவிடும். கழற்றிய இடத்தில் லூப் பிளக் போட வேண்டும், அல்லது மோஸ்ட்டிலிருந்து ஆப்டிகல் அவுட் தரும் இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும். ஒளியிழையை 25 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. டை போட்டு இறுக்கிக் கட்டவும் கூடாது.

கேள்வி (ஈரோடு): 600 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் வாட்) மோனோ ஆம்புங்க. எட்டு கேஜ் வயர் கிட் போட்டோம். ஆறே மாசத்துல ஃபியூஸ் ஹோல்டர் உருகிப்போச்சு, ஃபியூஸ் மட்டும் போகவே இல்லீங்க. எப்படி?

பதில்: 600-ஐ 0.8-ஆல் வகுத்தால் 750 வாட். 13.8 வோல்ட்டில் அது 54 ஆம்பியர். இப்போது ஹோல்டருக்கு வாருங்கள். மலிவான ஹோல்டரில் ஸ்குரூ தளர்ந்து, தொடும் இடத்தில் 0.01 ஓம் தடை வந்தாலே, 54 × 54 × 0.01, அதாவது 29 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில். 25 வாட் சோல்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடியது போலத்தான். ஃபியூஸ் போகாததற்குக் காரணம், கரண்ட் எல்லை மீறவில்லை. சூடு மட்டும்தான் மீறியது.

உங்கள் கிட் வயரை ஒரு இழை உருவி பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கரண்ட் கடத்தும். உங்களுக்கு வேண்டியது 4 கேஜ் சுத்தச் செம்பு (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன் கூடும்), சுமார் 21 சதுர மி.மீ. வெல்டிங் கடையில் கிடைக்கும் 25 ஸ்கொயர் செம்பு வெல்டிங் கேபிள் இதற்கு அருமையாகப் பொருந்தும், வளைவும் நன்றாக இருக்கும். அலுமினிய வெல்டிங் கேபிளும் விற்கிறார்கள், அங்கேயும் சுரண்டிப் பார்த்தே வாங்குங்கள். வயர் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும், சுத்தியலால் அடித்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். ஃபியூஸ் 60 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள். ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாமல் வயரை விடாதீர்கள். எர்த் வயரும் இதே தடிமன்.

கேள்வி (திருப்பூர்): ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஸ்பீக்கரில் ‘ஙீ…’ என்று ஏறுகிறது.

பதில்: ஆல்டர்னேட்டர் சத்தம். பத்தில் எட்டு காரில் எர்த்தில்தான் கோளாறு இருக்கும். பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, ஸ்டார் வாஷரோடு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டையும் சீட் போல்ட்டையும் எர்த்துக்குத் தொடாதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆம்பில் ஆர்.சி.ஏ. பின்னை (ஸ்டீரியோவிலிருந்து பாட்டு வரும் வயரின் பின்னை) கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆர்.சி.ஏ. பவர் வயரோடு சேர்ந்து ஓடுகிறது, அதை காரின் மறுபக்கம் மாற்றுங்கள்.

கேள்வி (சிங்காநல்லூர், கோவை): டி.எஸ்.பி. ஆம்ப் போட்டாச்சு. ஆனாலும் பாடகர் டிரைவர் பக்கக் கதவில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கிறது. கெயினை எவ்வளவு வைப்பது?

பதில்: கெயின் முதலில். அது வால்யூம் அல்ல, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்ஜியம். ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கு. 1000 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். மெல்லத் திருகி அந்த எண்ணில் நிறுத்துங்கள். சப் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன்.

பாடகரை நடுவுக்குக் கொண்டுவருவது டைம் அலைன்மென்ட், அதாவது அருகில் உள்ள ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதப்படுத்துவது. உங்கள் வழக்கமான சீட் நிலையில் உட்கார்ந்து, தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளங்கள். வலது ட்வீட்டர் 90 செ.மீ., இடது 135 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 45. ஒலி ஒரு மில்லி செகண்டுக்கு 34.3 செ.மீ. ஓடுகிறது. ஆகவே வலது ட்வீட்டரை 1.31 மில்லி செகண்ட் தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். ஆகத் தொலைவில் உள்ள ஸ்பீக்கருக்குப் பூஜ்ஜியம், மற்றவைக்கெல்லாம் அதிலிருந்து கணக்கு. பிறகு தனிக் குரல் பாட்டு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, 0.05 அளவில் முன்னே பின்னே நகர்த்துங்கள். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும் வடிகட்டி), 24 டெசிபல் சரிவு. சப்புக்கு அதே 80-இல் லோபாஸ் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது).

கேள்வி (கரூர்): மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆடியோ போட்ட பிறகுதான் இப்படி.

பதில்: ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் வயரை நிரந்தர 12 வோல்ட்டில் கொடுத்திருப்பார்கள். ஆம்ப் தூங்காமல் 0.8 ஆம்பியர் குடித்தாலும் நாளுக்கு 19 ஏ.எச். (ஆம்பியர்-மணி), மூன்று நாளில் 58. உங்கள் 70 ஏ.எச். பேட்டரியில் என்ன மிஞ்சும்? காரைப் பூட்டி, சாவியைத் தூர வைத்து, 40 நிமிடம் கழித்து டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை எர்த் வயரில் மாட்டிப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் காரில் இன்னொன்று: மைனஸ் முனையில் சின்னக் கறுப்பு சென்சார் இருக்கும். ஆம்பின் எர்த்தை நேராக முனையில் கொடுத்தால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, பேட்டரியைத் தப்பாக சார்ஜ் செய்யும். பாடியில் எர்த் கொடுங்கள்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): இன்ஷூரன்ஸில் ஆடியோவுக்குப் பணம் கிடைக்குமா?

பதில்: தனியாக எழுதிச் சேர்த்தால்தான் கிடைக்கும். எலக்ட்ரிக்கல் ஆக்சசரீஸ் என்று பாலிசியில் மதிப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (செட்டிபாளையம் அருகிலிருந்து): கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டேக்குப் போகும்போது சப் பெட்டியை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஒவ்வொரு முறையும் எடுக்க வசதியாக, டிக்கித் தரையில் நாலு எம்8 ரிவெட் நட் பதித்து, பெட்டியில் ஸ்பீகான் பிளக் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் பிளக்) வையுங்கள். கழற்ற இரண்டு நிமிடம் போதும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாட்டும்போது நாலு போல்ட்டையும் முறுக்க வேண்டும், வெல்க்ரோவில் ஒட்டி விடாதீர்கள். 15 கிலோ பெட்டி அவசர பிரேக்கில் பின் சீட்டைத் தள்ளிக்கொண்டு முன்னே வரும்.

எடுத்த பிறகு, வெளியே தொங்கும் ஸ்பீக்கர் வயரின் முனை பாடியில் படாமல் மூடி போட்டு, ஆம்பின் ஃபியூஸையும் கழற்றிக் கையுறைப் பெட்டியில் வைத்துவிட்டு டிராக்கில் ஏறுங்கள்.