ஃபின்லாந்தில் மகள், ஊரில் மினிமம் டியூ

கேள்வி: மேடம், வணக்கம். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் ஆகஸ்ட் 20-ல் ஃபின்லாந்து வந்தேன். தாம்பெரே பல்கலைக்கழகத்தில், ஹெர்வன்டா வளாகத்தில் இருக்கிறேன். டிசம்பர் 20-ல் ஊர் திரும்ப வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்பதால் இங்கே கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ரெசிடென்ஸ் பர்மிட்டுக்காக மாதம் 800 யூரோ வீதம் ஐந்து மாதத்துக்கு 4,000 யூரோ கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. அப்பாவிடம் ஒரு லட்சம்தான் இருந்தது. மூன்று லட்சத்தைச் சித்தப்பா ஒன்றரை வட்டிக்குக் கொடுத்தார். பர்மிட் வந்த மறு வாரமே, "காட்டத்தானே வாங்கினீங்க, காட்டியாச்சுல்ல?" என்று இரண்டு லட்சத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போதும் மூன்று லட்சத்துக்கும் வட்டி கேட்கிறார். சித்தி வேறு, வரும்போது தம்பிக்கு ஒரு ஐபோன் வாங்கி வரச் சொல்கிறார். அட்வான்ஸ் 350 யூரோ, வாடகை மாதம் 340, குளிர் கோட்டு, பூட்ஸ், பாத்திரம் என்று எல்லாம் போக என்னிடம் 310 யூரோ மீதி. அக்டோபர் வாடகை கட்டிவிட்டேன். செப்டம்பரில் அப்பாவின் கிரெடிட் கார்டில் 410 யூரோ தேய்த்தேன். மளிகை, பழைய சைக்கிள், பக்கத்து நாடான எஸ்தோனியாவின் தாலினுக்கு ஒரு கப்பல் டிரிப். அப்பா மினிமம் டியூவை, அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, கட்டிவிடுகிறார், அதனால் அதில் பிரச்சினை இல்லை. நவம்பர் வாடகைக்குக் கார்டில் ஏடிஎம்மில் எடுக்கலாமா? பார்ட் டைம் வேலை தேடலாமா? நண்பர்கள் டிசம்பரில் வடக்கே லாப்லாந்து போகிறார்கள், ஆளுக்கு 480 யூரோ, தவணையில் கட்டலாம் என்கிறார்கள். வெளிநாட்டில் தேய்த்தால் கூடுதல் கட்டணம் இல்லாத ஜீரோ மார்க்கப் கார்டு ஒன்று வாங்கச் சொல்லி ஒரு ரீல்ஸ் பார்த்தேன், அது நல்லதா? அம்மா தன் வளையல் நாலு பவுனை அடகு வைக்கிறேன் என்றார். எனக்காக அதைத் தொட வேண்டாம் என்று நான்தான் தடுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை மேடம்.

பதில்: உங்கள் கடிதத்தில் சித்தப்பாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். கார்டைப் பற்றி ஒரே வரி, அதுவும் "பிரச்சினை இல்லை" என்று. நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.

கணக்குக்கு வசதியாக ஒரு யூரோவை நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 410 யூரோ 41,000 ரூபாய். இந்தியக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலான வங்கிகள் மூன்றரை சதவீதம் மார்க்கப் போடும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம், அதாவது சுமார் 1,700. ஆக, பில் 42,700. அப்பா மினிமம் டியூவாக ஐந்து சதவீதம், சுமார் 2,100 கட்டியிருப்பார். மீதி 40,600-க்கு மாத வட்டி மூன்றரை சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி. மறுபடியும் 4.13 சதவீதம், மறுபடியும் 1,700 ரூபாய். கட்டிய 2,100-ல் 1,700 வட்டிக்கே போய்விட்டது. கடன் குறைந்தது வெறும் 400.

இது வருடத்துக்கு ஏறக்குறைய 50 சதவீதம். சித்தப்பாவின் ஒன்றரை வட்டி வருடத்துக்கு 18 சதவீதம்தான். சித்தப்பா வீட்டு வாசலில் வந்து நின்று கேட்பதால் அவர் கொடுமைக்காரராகத் தெரிகிறார். கார்டு கம்பெனி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு "நன்றி" என்று முடிக்கிறது. அப்பாவிடம் அந்த ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை விட்டுவிட்டு, உள்ளே "ஃபைனான்ஸ் சார்ஜ்" என்று சின்னதாக இருக்கும் வரியைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு மாதம் முழுத்தொகை கட்டாமல் விட்டால், அதற்குப் பிறகு தேய்க்கும் ஒவ்வொரு பாக்கெட் பாலுக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள் வட்டியில்லா அவகாசம் என்பது முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும்.

இப்படியே ஓட்டினால் எங்கே போய் நிற்கும்? கையில் இருக்கும் 310 போக, டிசம்பர் வரை உங்களுக்கு இன்னும் சுமார் 1,000 யூரோ வேண்டும். நவம்பர், டிசம்பர் வாடகை 680. சாப்பாடு, பஸ், போன் என்று மாதம் 230 வைத்தால் இரண்டரை மாதத்துக்குச் சுமார் 600. அந்த 1,000 யூரோவையும் கார்டிலேயே ஏற்றினால், டிசம்பரில் நீங்கள் கோவையில் இறங்கும்போது அப்பா தலையில் ஒன்றரை லட்சம் இருக்கும். அதற்கு வட்டி மட்டும் மாதம் 6,000-க்கு மேல். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனியாக ஒரு கட்டணம். அந்தக் கேள்விக்கு என் பதில் கூடவே கூடாது என்பதுதான்.

இப்போது வளையல். அம்மா தானாக முன்வந்து சொன்னதை நீங்கள் பாசத்தில் தடுத்தீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பாசத்துக்கு அப்பா 50 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். நகை பீரோவில் தூங்குகிறது, கடன் கார்டில் வளர்கிறது. இன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து, வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லுங்கள். அடகுக்கடைக்கு வேண்டாம், நகைக்கடன் கொடுக்கும் ஏதாவது ஒரு வங்கிக் கிளைக்குப் போகட்டும். கார்டு பாக்கி 43,000, உங்களுக்கு ஒரு லட்சம், கைக்காவலுக்குக் கொஞ்சம் என்று 1,45,000 கேட்கலாம். நாலு பவுனுக்கு அது தாராளமாகக் கிடைக்கும், கிடைக்கும் அளவுக்கு முழுவதும் வாங்கிவிடாதீர்கள். வட்டி வருடத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் மாதம் 1,200 ரூபாய். ஆறாயிரம் எங்கே, ஆயிரத்து இருநூறு எங்கே!

பணம் கைக்கு வந்த அன்றே கார்டு பாக்கியை ஒரு ரூபாய் விடாமல் கட்டிவிட்டு, அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் அணைத்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்கான ஒரு லட்சத்தை மொத்தமாக அனுப்ப வேண்டாம். மாதா மாதம் ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது முன்கூட்டியே யூரோ ஏற்றி வைக்கும் கார்டில், ஏற்றினால் போதும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் பிடிப்பார்கள் என்ற பயம் வேண்டாம். நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை அது கிடையாது.

ஜீரோ மார்க்கப் கார்டைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ரீல்ஸ்களைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. மார்க்கப் இல்லை என்பதால் மிச்சமாவது ஒரு முறை 4 சதவீதம். அதே கார்டில் மினிமம் டியூ கட்டினால் மாதா மாதம் அதே 4 சதவீதம் போகும். நம்மிடம் இருக்கும் பணத்தைச் செலவழிக்கும் டெபிட் கார்டாகவோ ப்ரீபெய்டாகவோ இருந்தால் ஜீரோ மார்க்கப் நல்ல விஷயம்தான். புதிதாக ஒரு கடன் கார்டு இந்த வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சித்தப்பா விஷயம் இரண்டாவது. அப்பா புரோநோட்டு எழுதிக் கொடுத்திருப்பார். இரண்டு லட்சம் திருப்பிக் கொடுத்த தேதியை அதன் பின்பக்கத்தில் வரவு எழுதி, சித்தப்பாவின் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து ஒரு லட்சத்துக்குத்தான் வட்டி, மாதம் 1,500. 4,500 கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சண்டை போடாமல், வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா பேசட்டும். ஐபோனை நீங்களே மறுத்துவிடலாம். பொய் சொல்ல வேண்டியதில்லை. ஃபின்லாந்தில் 2024 செப்டம்பரிலிருந்து மதிப்புக் கூட்டு வரி 25.5 சதவீதம், நம் ஊர் ஜிஎஸ்டி 18. "ஊரிலேயே வாங்குங்க சித்தி" என்றால் போதும்.

ஆனால் "காட்டத்தானே" என்று சித்தப்பா சொன்னதில் உங்கள் வீடும் கொஞ்சம் உடன்பட்டுவிட்டது. அதைத்தான் நான் வருத்தத்தோடு சொல்கிறேன். மாதம் 560 யூரோவாக இருந்த அந்தத் தொகையை 2024 நவம்பரில் 800 ஆக்கினார்கள். ஒரு மாணவர் அங்கே உண்டு உறங்கி வாழ ஆகும் செலவு என்றுதான் அதைக் கேட்கிறார்கள். அது உங்கள் சோறு, வாடகை, பஸ் டிக்கெட். படிப்புக்காலம் முழுவதும் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மிக்ரி என்று அங்கே சொல்லும் குடிவரவுத் துறை, பர்மிட் கொடுத்த பிறகும் அதைச் சரிபார்க்கலாம். வசந்த செமஸ்டருக்கும் நீட்டிக்கலாமே என்று யாராவது சொன்னால், மறுபடி மாதத்துக்கு 800 சொந்தப் பணமாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டிசம்பரில் திரும்பிவிடுங்கள்.

வேலை தேடலாமா என்றால், தேடலாம். வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வரை அனுமதி உண்டு. ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஃபின்னிஷ் தெரியாமல், அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்கி, வேலையும் பிடிப்பதற்குள் நவம்பர் முடிந்துவிடும். கிடைத்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் திரும்புகிறவர்களின் சம்பளத்தில் 35 சதவீதம் வரி பிடிப்பார்கள். மாதம் 510 யூரோ கழிவு உண்டு, ஆனால் உங்கள் வரி அட்டையில் அது எழுதியிருந்தால்தான். மணிக்கு 12 யூரோ, வாரம் பத்து மணி நேரம் என்றால் மாதம் 480. அட்டையில் கழிவு இருந்தால் வரியே இல்லை. இல்லாவிட்டால் 168 யூரோ போய்விடும்.

செலவில் ஒன்று சொல்ல வேண்டும். மதியம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு மாணவர் சங்க உறுப்பினர் சேர்க்கை கட்டாயமில்லை என்பதால் பலர் அந்தச் சில பத்து யூரோவை மிச்சம் பிடிக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் இன்றே சேர்ந்துவிடுங்கள். வளாக உணவகத்தில் மாணவர் அட்டையைக் கவுன்ட்டரில் காட்டினால், அரசு மானியத்தோடு மதிய உணவு மூன்று யூரோ அளவில் முடிந்துவிடும். ஒரு குழம்போ வறுவலோ, சோறோ வேகவைத்த உருளைக்கிழங்கோ, சாலட், ரை ரொட்டி, ஒரு டம்ளர் பால். சைவத்துக்கும் தினம் ஒன்று இருக்கும். அட்டை இல்லாதவர் அதே தட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார். நாளைக்கு மூன்று யூரோ வித்தியாசம் என்றாலே மாதம் அறுபது. ராத்திரிக்குக் கொஞ்சம் பருப்பும் சோறும் வைத்துக்கொண்டால் 230-க்குள் நிச்சயம் வாழலாம். கடைவாசலில் இருக்கும் மெஷினில் காலி பானக் கேனைப் போட்டால் 15 சென்ட், பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 40 சென்ட் திரும்ப வரும். அறைத்தோழிகளோடு சேர்த்துப் போடுங்கள், பால் செலவுக்கு ஆகும்.

இன்சூரன்ஸைப் பாதியில் ரத்து செய்து பணம் வாங்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே டிகிரி மாணவர்களுக்கு இருக்கும் மாணவர் மருத்துவ சேவை எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு இல்லை. நவம்பரில் பாதை கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும், சைக்கிள் வேறு வைத்திருக்கிறீர்கள்.

லாப்லாந்து வேண்டாம். 480 யூரோ என்பது 48,000 ரூபாய், அம்மா வாங்கப்போகும் கடனில் மூன்றில் ஒரு பங்கு. தவணையில் கட்டினாலும் அது 48,000-தான். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இருபது வயதில் வடதுருவ வெளிச்சத்தைப் பார்க்க ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் தாம்பெரே இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் ஊர், சவுனா என்னும் நீராவிக் குளியலுக்குப் பெயர் பெற்ற ஊர். உங்கள் விடுதிக் கட்டடத்திலேயே சவுனா முறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். டிசம்பர் 6 அவர்களுடைய சுதந்திர நாள். அன்று மாலை வீட்டு ஜன்னல்களில் இரண்டிரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். பனிக்குள் அந்தத் தெருக்களில் நடந்துவிட்டு வாருங்கள். காசு ஆகாது.

கடைசியாக அந்த 350 யூரோ அட்வான்ஸ். அதை டிசம்பர் செலவில் சேர்க்காதீர்கள், நீங்கள் கிளம்பிய பிறகுதான் வரும். அறையைக் காலி செய்வதற்கு முதல் நாளே ஃப்ரிட்ஜை அணைத்து ஐஸ் உருக விட்டுத் துடையுங்கள். ஓவன் அடுப்புக்குள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை வடிகால், கட்டிலுக்கு அடியில் என்று எல்லாவற்றையும் சுத்தம் செய்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு இருந்தால் சுத்தம் செய்யும் கூலியை அட்வான்ஸிலிருந்துதான் பிடிப்பார்கள். எந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதைச் சாவி கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது வந்ததும் 35,000 ரூபாயும் நேராக நகைக்கடனுக்குப் போகட்டும். மீதியை அப்பா மாதம் பத்தாயிரமாகக் கட்டினால் அடுத்த வருட இறுதிக்குள் வளையல் அம்மா கைக்கு வந்துவிடும்.