இரண்டரை வயதாகியும் குழந்தை பேசவில்லை; ஆன்லைன் ஸ்பீச் தெரபி பலன் தருமா?

தரும். ஆனால் தெரபிஸ்ட் திரையில் பாடம் நடத்துவார், குழந்தை உட்கார்ந்து கேட்கும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். மூன்று வயதுக்குள் வகுப்பு உங்களுக்குத்தான். நீங்கள் குழந்தையோடு விளையாடுவதைப் பார்த்து அவர் உங்களைத் திருத்துவார். "ஆன்லைனே ஏமாற்று" என்று கீழே கமென்ட் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாத இடத்தில் சேர்த்தவர்கள்.

முதலில் காது. கூப்பிட்டால் திரும்புகிறது என்பது பரிசோதனை ஆகாது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் மந்தமாகும். ஓஏஇ (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), டிம்பனோமெட்ரி (நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது), தேவைப்பட்டால் பெரா (ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது). இவை நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும். தெரபிஸ்டிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு ஆள் பாருங்கள்.

போனைக் கையில் பிடிக்காமல் தரையில், குழந்தையின் முக உயரத்தில், ஐந்தாறு அடி தள்ளி நிறுத்துங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தால் முகம் இருட்டாகிவிடும். ஒரு காதில் இயர்போன் போட்டால் தெரபிஸ்ட் குரல் உங்களுக்கு மட்டும் கேட்கும், குழந்தையும் திரையைத் தேடாது. மைக் மட்டும் போனுடையதாக இருக்கட்டும். இயர்போன் மைக் குழந்தையின் முனகலைப் பிடிக்காது. செயலியின் இரைச்சல் நீக்கத்தையும் குறைத்துவிடுங்கள், மெல்லிய ஒலிகளையும் சேர்த்து வெட்டிவிடும்.

சோப்புக் குமிழி டப்பா, பந்து, இறுக மூடிய டப்பாவில் முறுக்கு போதும். குமிழி ஊதுங்கள், நிறுத்துங்கள், மனசுக்குள் பத்து எண்ணுங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, கையை இழுத்தாலோ, "ஊ" என்றாலோ உடனே "ஊது!" என்று சொல்லி ஊதிவிடுங்கள். "ஊதுன்னு சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று பிடித்துவைத்தால் அழுகைதான் மிஞ்சும். "இது என்ன? என்ன கலர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் வேண்டாம். "பந்து. பந்து உருளுது" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். குழந்தை "பந்து" என்றால் நீங்கள் "பந்து வேணும்" என்று சொல்லுங்கள். ஒரு சொல்தான் கூட.

வாரத்துக்கு ஒரு வகுப்பு, அரை மணி நேரம் போதும். மீதி வேலை குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் நடக்க வேண்டும்.

விழுங்கச் சிரமம், அண்ணப்பிளவு என்றால் ஆன்லைன் மட்டும் போதாது. முன்பு சொன்ன சொற்கள் மறைந்துபோயிருந்தால் காத்திருக்காமல் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் போங்கள். நாக்கு ஒட்டியிருப்பதால்தான் பேசவில்லை என்று வெட்டச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். அது சில ஒலிகளைப் பாதிக்கலாம், பேச்சையே நிறுத்தாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். "வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்புது" என்று அனுப்பிவைக்கும் ப்ளேஸ்கூல்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டு, தடுமாறும் இங்கிலீஷில் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும் அம்மாக்கள்தான் அதிகம். பேச்சு வரட்டும் என்று பாட்டி நாக்கில் வசம்பு தேய்ப்பது தவறு, ஆனால் அந்தப் பாட்டியாவது நாள் முழுக்கக் குழந்தையோடு தமிழில் பேசுகிறார்.

பணம் இடித்தால், டிஇஐசி என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. அங்கே பரிசோதனையும் தெரபியும் இலவசம்.