பாட்டி தலையாட்டியது எதற்கு?

வணக்கம் ஐயா,

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. ஈசூனில் உள்ள ஒரு மூத்தோர் நிலையத்துக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு திரை செய்துவருகிறோம். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சிகளை அது காட்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் "அடுத்ததுக்குப் போகலாமா?" என்று அவரவர் மொழியில் கேட்கும். எதிரே இருப்பவர் தலையசைப்பதைக் கேமராவில் பார்த்து முடிவெடுக்கும்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மனித அசைவுத் தரவுத்தொகுப்பில் பழக்கிய செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றை எடுத்து, அதே 25 மூட்டுப் புள்ளி வடிவில் எங்கள் பதிவுகளையும் கொடுத்துப் பழக்கினோம். 12 பேர், 480 காணொளித் துண்டுகள். அவற்றில் 390 'ஆம்', 90 'இல்லை'. லேபிள் போட்டது நாங்கள் மூவரும்தான். புள்ளிகள் நடுங்கியதால் அடுத்தடுத்த 10 ஃபிரேம்களுக்கு (படச்சட்டங்களுக்கு) சராசரி எடுத்தோம். கேமரா 640 பிக்சல் அகலம், ஆள் 2 மீட்டர் தள்ளி. எல்லாவற்றையும் கலைத்து 80 விழுக்காட்டில் பழக்கி, மீதி 20இல் சோதித்ததில் 87 விழுக்காடு சரியாக வந்தது.

ஆனால் அங்கே வரும் தமிழ்ப் பாட்டி ஒருவர் தலையாட்டினால் திரை அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது முறையும் அதே கேள்வி வந்ததும், "வேணும்னுதானே சொல்றேன்" என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய துண்டுகளுக்கு லேபிள் போட்டவர் தமிழ் தெரியாத என் நண்பர்.

டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெரிய வகை மாடலுக்கு மாறினால் இது சரியாகுமா? மாடலைப் பழக்கும் பைட்டார்ச் மென்பொருளை விட்டு வேறு எதற்காவது போக வேண்டுமா? ஒப்புதல் படிவம் வாங்க வேண்டுமா?

கா.
ஈசூன்

அன்புள்ள கா,

அந்தப் பாட்டி சத்தம் போட்டது நல்லதாயிற்று. பேசாமல் எழுந்து போயிருந்தால் 87 விழுக்காட்டை நம்பியே திட்டத்தை ஒப்படைத்திருப்பீர்கள். மனிதர் மனிதரோடு பழகும் விதத்தைக் கணினிக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையில் எந்த இடத்தில் கோட்டை விடுகிறோம் என்று எழுத வேண்டும் என்ற எண்ணம் கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது. உங்கள் கடிதம் வந்துவிட்டது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பைட்டார்ச் கைக்குப் பழகியிருந்தால் அதிலேயே இருங்கள். ஒப்புதல் படிவத்தைப் பற்றி 480 துண்டுகள் பதிவு செய்த பிறகா கேட்பது? ஆளை அடையாளம் காட்டும் முகப்பதிவு, சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபர் தரவு. படிவத்தைப் பெரிய எழுத்தில் அவரவர் மொழியில் அச்சிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தும் காட்டுங்கள். வேண்டாம் என்பவரின் பதிவை அவர் கண்முன்னே அழியுங்கள்.

இனி அந்த 87. கேமராவைத் துணி போட்டு மூடிவிட்டு எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே தலையாட்டும் பூம்பூம் மாட்டை நிறுத்தினாலும், 480இல் 390 சரியாக வரும். அதாவது 81 விழுக்காடு. உங்கள் மாடல் அதைவிட ஆறு கூடுதல், அவ்வளவுதான். அந்த ஆறையும் நம்ப முடியாது. கலைத்துப் பிரித்ததால் ஒரே ஆளின் துண்டுகள் பழக்கும் பக்கமும் சோதிக்கும் பக்கமும் கிடக்கின்றன. மாடல் தலையசைப்பைக் கற்றதா, ஆளின் உடல்வாகைக் கற்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. 12 பேர் என்றால் 12 சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரை முழுவதுமாக வெளியே வைத்து, 11 பேரிடம் பழக்கி, வெளியே இருப்பவரிடம் சோதியுங்கள். நன்யாங் தொகுப்பை 2016இல் வெளியிட்டவர்கள் 40 பேரை 20, 20 ஆகப் பிரித்துச் சோதிக்கும் முறையையும் சேர்த்தே கொடுத்தார்கள். தரவை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டீர்கள். அறிக்கையில் 'இல்லை' எத்தனைக்கு எத்தனை பிடிபட்டது என்பதைத் தனியாக எழுதுங்கள். பாட்டிக்கு ஒரு தனி வரி போடுங்கள்.

அடுத்து, தலை. அந்தத் தொகுப்பு இரண்டாம் தலைமுறை கினெக்ட் கேமராவில் எடுக்கப்பட்டது. அதன் 25 மூட்டுப் புள்ளிகளில் தலைக்கு இருப்பது ஒன்றே ஒன்று. ஒருவர் இடவலமாகத் தலையை ஆட்டும்போது முகம் திரும்புமே தவிர, தலையின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். தோளை நோக்கித் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால்தான் அந்தப் புள்ளி இடமும் வலமுமாக நகரும். தொகுப்பில் மேலும்கீழும் அசைப்பதற்கு ஒரு வகை உண்டு, இடவலமாக ஆட்டுவதற்கு ஒரு வகை உண்டு. நம் பக்கச் சாய்வுக்கு, 60 செயல்கள் கொண்ட முதல் பதிப்பிலும் இடமில்லை, பிறகு வந்த 120 செயல்கள் கொண்ட பதிப்பிலும் இடமில்லை. வகை இல்லாத அசைவு பக்கத்து வகைக்குள் விழுகிறது. அதற்குமேல் உங்கள் நண்பர் வேறு அதற்கு 'இல்லை' என்று லேபிள் போட்டிருக்கிறார். சொல்லிக்கொடுத்ததை மாடல் ஒழுங்காகவே கற்றிருக்கிறது!

ஆகவே மூட்டுப் புள்ளிகளை விட்டுவிட்டு முகப் புள்ளிகளுக்கு வாருங்கள். மூக்கு நுனி, முகவாய், கண்களின் வெளி ஓரங்கள், வாயின் இரு ஓரங்கள் ஆகிய ஆறு புள்ளிகள் போதும். இவற்றிலிருந்து மேல்கீழ், இடவலம், பக்கச் சாய்வு என்று மூன்று கோணங்களையும் கணக்கிடலாம். பக்கச் சாய்வுக்கு மட்டும் என்றால் இரு கண்களின் வெளி ஓரங்களை இணைக்கும் கோடு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஆனால் பிக்சல் பற்றாது. 60 டிகிரி பார்வைக் கோணமுள்ள கேமரா 2 மீட்டர் தொலைவில் சுமார் 2.3 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 640 பிக்சலில் அது விழும்போது, 9 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள கண் ஓரங்களுக்கு 25 பிக்சல்தான் கிடைக்கும். ஒரு புள்ளி ஒரு பிக்சல் தவறினாலே 2.3 டிகிரி பிழை. பாட்டியின் மெல்லிய தலையாட்டல் 4, 5 டிகிரிதான் என்றால் பாதி போய்விட்டது. கேமராவை 1920 பிக்சலுக்கு மாற்றினால் அதே இடைவெளி 75 பிக்சல் ஆகும், பிழை முக்கால் டிகிரிக்கு இறங்கும். புதுக் கேமரா வாங்கும்முன் இப்போதைய கேமராவிலேயே அந்த அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அந்த 10 ஃபிரேம் சராசரியைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. விநாடிக்கு 30 ஃபிரேமில் 10 ஃபிரேம் என்பது மூன்றில் ஒரு பங்கு விநாடி. விநாடிக்கு மூன்று முறை ஆடும் தலை, அந்த நேரத்துக்குள் ஒரு முழு ஆட்டத்தை முடித்துவிடும். இடப்பக்கம் போனதும் வலப்பக்கம் போனதும் ஒன்றையொன்று கழித்து, சராசரி சுழியாகிவிடும். விநாடிக்கு இரண்டு முறை ஆடினால் சுமார் 42 விழுக்காடு மிஞ்சும். புள்ளி நடுங்குகிறது என்று தலையாட்டலையே துடைத்துவிட்டீர்கள். 3 ஃபிரேமுக்கு மேல் சராசரி எடுக்காதீர்கள். மீடியாபைப் என்ற கூகிள் மென்பொருளின் உடல் தோரணைக் கணிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பழைய பைதான் இடைமுகத்தில் புள்ளிகளை மென்மையாக்கும் அமைப்பு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இத்தனையும் செய்தால் தலை எப்படி ஆடியது என்பது தெரியும். எதற்கு ஆடியது என்பது தெரியாது.

நம்மவர் பக்கவாட்டில் தலையாட்டுவது எத்தனை பொருளில்! நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஆட்டினால் "ம், சொல்லு". கேள்வி முடிந்ததும் ஆட்டினால் "சரி". அதையே கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக ஆட்டினால் "என்னமோ செய், என்னை விடு". மூன்றிலும் கழுத்து செய்வது ஏறத்தாழ ஒன்றுதான். எதிரே இருந்தவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை வைத்தே நாம் பொருள் பிரிக்கிறோம். உங்கள் 480 துண்டுகளில் எதிர்ப்பக்கம் பதிவாகவே இல்லை. தலையை மட்டும் வெட்டி எடுத்து, இது ஆமா இல்லையா என்று மாடலைக் கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் எனக்கே தெரியாது.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். பாட்டியின் துண்டுகளில் 30ஐ ஒலி இல்லாமல், தலை மட்டும் தெரியும்படி வெட்டி, தமிழ் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே 30ஐக் கேள்வியின் ஒலியோடு கொடுங்கள். இருவரும் எத்தனையில் ஒத்துப்போகிறார்கள் என்று இரண்டு முறையும் எண்ணுங்கள். மனிதரே ஒத்துப்போகாத துண்டில் டிரான்ஸ்ஃபார்மர் எதைக் கண்டுபிடிக்கப்போகிறது?

இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று நேற்றுப் பேசப்படும் விஷயம் அல்ல. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் ஆய்வாளர்கள் டோனி ஜெபாராவும் அலெக்ஸ் பென்ட்லண்டும் இதைச் செய்துகாட்டினார்கள். இரண்டு பேர் பழகுவதைக் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும். தோல் நிறத்தை வைத்துத் தலையையும் இரு கைகளையும் மூன்று நீள்வட்டங்களாகப் பிடித்தார்கள். ஒரு வட்டத்துக்கு 5 எண்கள், ஆளுக்கு 15, இருவருக்கும் சேர்த்து 30. கடந்த சில விநாடிகளின் இயக்கத்தைப் பார்த்து, அடுத்த கணம் என்ன நடக்கும் என்று கணினி ஊகிக்கப் பழகியது. பிறகு ஒருவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வரைகலை உருவத்தை வைத்தார்கள். எதிரே இருப்பவர் அசைந்தால் உருவம் பதிலுக்கு அசையும். 'கையசைத்தல்' என்றெல்லாம் யாரும் லேபிள் போடவில்லை. ஒருவரின் செயலுக்கு இன்னொருவரின் பதிலே பாடமாக இருந்தது.

நன்யாங் தொகுப்பிலும் இருவர் சேர்ந்து செய்யும் செயல்கள் உண்டு. முதல் பதிப்பில் 11, விரிந்த பதிப்பில் 26. கைகுலுக்குவது, தள்ளுவது, முதுகில் தட்டுவது, பொருளைக் கொடுப்பது. ஆனால் ஒரு துண்டுக்கு ஒரே லேபிள். தள்ளியவருக்கும் தடுமாறியவருக்கும் சேர்த்து 'தள்ளுதல்'. என்ன நடந்தது என்று பெயர் சொல்ல அது போதும். பாட்டிக்கு எப்போது, எப்படிப் பதில் சொல்வது என்று உங்கள் திரை அதிலிருந்து கற்க முடியாது.

ஆகவே திரையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவரைப் பாட்டிக்கு எதிரே, ஒன்றேகால் மீட்டர் தள்ளி உட்கார வைத்து, அதே கேள்விகளை அவர் கேட்கட்டும். இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றும் ஒருவரின் தோளுக்கு மேலாக மற்றவரின் முகத்தைப் பார்க்கும்படி. இரண்டும் ஒரே கணினியில் இணைய வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கேமராவுக்கும் தெரிகிற மாதிரி ஒரு முறை கை தட்டுங்கள். முடிவில் தட்டிய ஒலியும் இரண்டு படங்களும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் கேட்கும்போது கேமரா, படங்கள் வரிசையில் காத்திருக்கும் இடைத்தேக்கத்தில் கிடக்கும் பழைய ஃபிரேமைக் கொடுக்கும். நான்கு ஃபிரேம் தேங்கினால் 133 மில்லிவிநாடி. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி பொதுவாக 200 மில்லிவிநாடி அளவே இருப்பதாக 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை, இருந்தாலும் அளவு விளங்கும். 133 தவறினால் கேள்விக்கு முன் ஆட்டினாரா, பின் ஆட்டினாரா என்பதே குழம்பிவிடும். தேக்கத்தை ஒரு ஃபிரேமாகக் குறைத்து, ஃபிரேம்களைப் படிப்பதை, நிரலின் மற்ற வேலைகளுக்கு இணையாக ஓடும் தனி இழையில் ஓட்டுங்கள்.

ஒரு ஃபிரேமுக்கு ஆளுக்கு மூன்று கோணங்கள், பேசுகிறாரா இல்லையா என்று ஒரு எண். இருவருக்கும் எட்டு. கேள்வி முடிவதற்கு ஒரு விநாடி முன்பிருந்து மூன்று விநாடி பின்பு வரை 120 ஃபிரேம், ஆக 960 எண்கள். 12 பேரின் தரவுக்குச் சிறிய மாடலே தாங்கும். டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்தால் ஒவ்வொரு துண்டையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகும். லேபிளை நீங்கள் போடாதீர்கள். அன்றே பாட்டியிடம் பதிவைக் காட்டி, "இங்கே என்ன சொன்னீங்க பாட்டி?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்டூழியர் என்ன செய்கிறார் என்பதையும் கூர்ந்து பாருங்கள். புரியாவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் மூன்று முறை கேட்கமாட்டார். "சரி, கையைத் தூக்கலாமா?" என்று மாற்றிக் கேட்பார், அல்லது தானே கையைத் தூக்கிக் காட்டுவார். உங்கள் திரைக்குத் தேவையான பதில்கள் அந்தப் பதிவில் இருக்கின்றன.

விளக்கு ஒன்று பாக்கி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் அது 60 என்று இருந்தால் படத்தில் பட்டைகள் ஓடும், மாற்றிவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் சில கேமராக்கள் தாமாகவே ஃபிரேம் வேகத்தை 15க்கு இறக்கிவிடும். அந்தத் தானியங்கி அமைப்பை அணையுங்கள். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வெளிவெயில் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருநிழலாகும், நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றினால் அதன் நிழல் முகத்தில் வெட்டி வெட்டி விழும். அதற்காக விசிறியை நிறுத்திவிடாதீர்கள், அவர்களுக்கு வியர்க்கும். ஒரு நிற்கும் விளக்கைப் பக்கத்தில் வையுங்கள்.