பதில்: 3 வயசு பிள்ளை 90 செமீ தான், கிராமத்துல இருக்கதுனாலயா?

தங்கச்சி, நாகர்கோவில்ல மைனி பிள்ளை 96 செமீ, குளச்சல் பக்கம் கிராமத்துல வளர்ற உங்க மோளு அதே வயசுல 90தான்னு கலங்கி எழுதியிருக்கீங்க. பயப்படாதீங்க. உலக சுகாதார நிறுவன அட்டவணைல 3 வயசு பெண்பிள்ளைக்கு நடு அளவு 95.1, 87.4க்கு கீழ போனாதான் வளர்ச்சி குறைவுன்னு எடுப்பாங்க. டவுன் கிராமம் வித்தியாசம் இருக்கது நெசம்தான், ஆனா குறைஞ்சிட்டு வருது, இந்திய அளவுல 5 வயசுக்குள்ள உயரம் குறைஞ்ச பிள்ளைங்க 2015-16ல கிராமத்துல 41.2%, டவுன்ல 31%, 2019-21ல அது 37.3, 30.1ன்னு ஆயிட்டு. ஒரு நாள் அளவ மட்டும் பாக்காதீங்க, அங்கன்வாடில செருப்பில்லாம நிக்க வச்சு 3 மாசத்துக்கு ஒருக்கா அளந்து குறிச்சு வைங்க, உயரம் கூடவே இல்லன்னா உடனே டாக்டர்ட்ட காட்டுங்க. மரச்சீனி மட்டும் குடுத்து வயித்த நெறைக்காதீங்க, முள்ளெடுத்த சாளையோ முட்டையோ பயறோ தெனமும் கூட வேணும்.